மருந்தை ஊற்றும் கை

போன மாதம் ஷபானா போன் செய்தாள். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் இப்போது புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவள் அவள்தான்.

"மேடம், லேபிள்ல இப்ப படம் வந்துடுச்சு. காலைக்கு சூரியன், ராத்திரிக்கு நிலா. தமிழ்லயும் அச்சாகி வருது. புதுப் பசங்க கேக்குறாங்க, அதான் படமே எல்லாத்தையும் சொல்லுதே, இன்னும் எதுக்கு ஒவ்வொருத்தரையும் நிக்க வச்சி திருப்பிச் சொல்லச் சொல்றீங்க, கியூ வாசல் வரைக்கும் போவுதுன்னு. நான் இன்னா சொல்றது?"

"சொல்லச் சொல்றது நல்லதுதான்னு சொல்லு" என்று ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். அது பதிலே இல்லை என்று போனை வைத்த பிறகுதான் உறைத்தது. உண்மையான பதில் கொஞ்சம் நீளம். அதனால் எழுதுகிறேன்.

என் ஊர் ராணிப்பேட்டை. அப்பா சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தார். பள்ளிக்கூடம் முடித்ததும் நர்ஸிங் சேரத்தான் ஆசைப்பட்டேன், இடம் கிடைக்கவில்லை. மருந்தாளுநர் டிப்ளமா கிடைத்தது. படித்து முடித்து, வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான். வெள்ளைக் கோட்டு போட்ட பெண் என்பதால் நோயாளிகள் எல்லோருக்கும் நான் சிஸ்டர். முதல் ஒரு வருஷம் "நான் சிஸ்டர் இல்லைங்க" என்று திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

எங்கள் சீஃப் ஞானசேகரன் சார். ஒல்லியான மனிதர், குரல் அதைவிட ஒல்லி. வேலைக்குச் சேர்ந்த பெண்ணிடமும் கூட்டிப் பெருக்க வருகிற அம்மாவிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. சரியில்லாத ஒன்றைப் பார்த்தால் அந்த பாட்டிலையோ அட்டையையோ எடுத்து நம் முன்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொள்வார். நாமாகக் கண்டுபிடிக்கும்வரை நகரமாட்டார். அந்த மௌனத்தைவிடத் திட்டு வாங்குவது எவ்வளவோ மேல்.

லேபிளை மூன்று தடவை படிக்க வேண்டும் என்பது எல்லா மருந்தகத்திலும் உள்ளதுதான். அலமாரியிலிருந்து எடுக்கும்போது, சீட்டோடு ஒத்துப் பார்க்கும்போது, கையில் கொடுப்பதற்கு முன்னால். சார் அதற்கு மேல் ஒன்று வைத்திருந்தார். எப்படிச் சாப்பிட வேண்டும் என்று நாம் சொன்னதை வாங்குகிறவர் தன் வாயால் திரும்பச் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்வரை பாட்டில் நம் கையை விட்டுப் போகக் கூடாது. "புரிஞ்சுதா" என்று மட்டும் கேட்கவே கூடாது. கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள் என்பார்.

இந்த வழக்கத்தால் எனக்கு எவ்வளவோ தெரிய வந்தது. நோன்பு மாசத்தில் ஆம்பூரிலிருந்து வருகிற சர்க்கரை நோயாளிகள் நாம் சொன்னதை ஒழுங்காகத் திருப்பிச் சொல்வார்கள்: காலை டிபனுக்கு முன்னாடி ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. ஒரு முறை தோல் மண்டியில் வேலை பார்க்கும் ஒரு பாய், சொல்லி முடித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கி, "காலைல டிபன் இல்லியேம்மா இப்ப" என்றார். நான் சாரைப் பார்த்தேன். அவர் அந்த மனிதரை டாக்டரிடம் தானே கூட்டிக்கொண்டு போனார். விடியலுக்கு முன் சாப்பிடும் சஹருக்கு எவ்வளவு, நோன்பு திறக்கும் இஃப்தாருக்கு எவ்வளவு, எந்த மாத்திரை கம்மி செய்ய வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்தார். அடுத்த வருஷத்திலிருந்து நோன்பு தொடங்குவதற்கு முன்பே நாங்களே கேட்க ஆரம்பித்தோம். "நோன்பு புடிப்பீங்களா?" என்று ஒரு மருந்தகத்தில் கேட்பார்கள் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. அதைக் கேட்டதும் சிலர் முகம் இளகிவிடும்.

இவ்வளவு கண்டிப்போடு இருந்த எங்களையும் தாண்டி ஒரு விஷயம் போனது. ஷபானாவுக்குச் சொல்ல வேண்டியது அதுதான்.

சுமதி மாதனூர் பக்கத்துப் பெண். பிறந்ததிலிருந்து காது கேட்காது, பேச்சும் வராது. அவள் கணவன் பிரபுவும் அப்படியே. இருவரும் ஒரே ஷூ கம்பெனியில் வேலை. காலையில் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார்கள். அங்கே பார்த்துப் பழகித்தான் கல்யாணம் செய்துகொண்டார்கள். சுமதி பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். தன் பெயரை எழுதுவாள், பஸ் பலகை படிப்பாள், அவ்வளவுதான். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை, தர்ஷினி. நடக்கத் தொடங்கிய வயதில் குழந்தைக்கு வலிப்பு வந்தது.

குழந்தையைக் காட்ட வரும்போதெல்லாம் கூட வருபவள் செல்வி. பிரபுவுக்கு அக்கா, சுமதிக்கு நாத்தனார், பக்கத்து வீடு. அவளுக்குக் காது கேட்கும், வாயும் நன்றாகப் பேசும். வேலை நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். டாக்டர் அறையில் பேசுவது செல்வி, ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவது செல்வி, எங்கள் கவுன்டரில் நின்று மருந்து வாங்குவதும் செல்வி. சுமதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் நின்று எங்கள் வாய்களையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஃபெனிடாயின் என்று ஒரு வலிப்பு மருந்து. குழந்தைகளுக்குத் திரவமாக வரும். தண்ணீரில் சர்க்கரை கரைந்த மாதிரிக் கரைந்த மருந்து இல்லை அது. மருந்துப் பொடி திரவத்தில் மிதந்துகொண்டிருக்கும். பாட்டிலை அசையாமல் வைத்தால் பொடி மெல்ல அடியில் இறங்கிவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். பாட்டிலில் அது ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். நாங்கள் தமிழில் சொல்வோம்.

செல்வி அழகாகத் திருப்பிச் சொல்வாள். "காலைல ஒருவாட்டி, நைட்டு ஒருவாட்டி. இந்தக் கோடு வரைக்கும். சாப்பாட்டுக்கு அப்புறம். ஊத்தறதுக்கு முன்னாடி நல்லாக் குலுக்கணும். ஒரு வேளகூட நிறுத்தக் கூடாது." ஒரு வார்த்தை விடாமல் சொல்வாள். நான் பாட்டிலைக் கொடுத்துவிடுவேன்.

ஆனால் குழந்தைக்குச் சரியாகவில்லை. சில வாரம் வலிப்பு வந்து தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். சில வாரம் குழந்தை தள்ளாடி விழுகிறது, தூங்கிக்கொண்டே இருக்கிறது, வாந்தி எடுக்கிறது என்று வருவார்கள். ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் ஒரு தடவை ரொம்பக் கம்மி, இன்னொரு தடவை ரொம்ப ஜாஸ்தி. குழந்தைகள் டாக்டர் பொறுமையானவர். ஒவ்வொரு முறையும் அளவு மாறவில்லையே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். செல்வி மாறவில்லை என்றாள். கவுன்டருக்கு வந்த பிறகு என்னிடம் வேறு மாதிரி சொன்னாள்.

"அவதான் சிஸ்டர் ஊத்துறா. கொழந்தய வேற யாரும் தொட்டா அவளுக்கு ஆவாது. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வேள, வந்தப்புறம் ஒரு வேள, அவ கையாலதான் குடுப்பா. ஒரு நாளு மறந்துடறா போல, மறுநாளு சேத்து ஊத்திடறா போல. கேட்டா இல்லன்றா. நான் எப்டி நம்புறது?"

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். சுமதி பக்கத்தில்தான் நின்றாள். தாழ்த்தத் தேவையே இல்லை.

"நைட்ல வலிப்பு வந்தா அவளுக்குக் கேக்காது. பொடவ முந்தானைய கொழந்த கால்ல கட்டிக்கினு படுத்துக்கறா, ஆடுனா தெரியும்னு. பாத்தா எனக்கே பாவமாத்தான் இருக்குது. ஆனா எத்தன நாளைக்கு சிஸ்டர்? தம்பிகிட்ட சொல்லிட்டேன். கொழந்த இனிமே எங்கூட்ல இருக்கட்டும். துணிமணியெல்லாம் எடுத்துனு வந்துட்டேன். மருந்து நான் குடுத்துக்கறேன்."

செல்வியைக் கெட்டவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தன் பிள்ளைகள் இருவரையும் விட்டுவிட்டு இந்தக் குழந்தைக்காக எத்தனையோ தடவை பஸ் ஏறி வந்தவள். அவளுக்கு பயம். குழந்தை செத்துவிடுமோ என்ற பயம்.

அன்று டாக்டர் இரண்டாவதாக இன்னொரு வலிப்பு மருந்தும் எழுதியிருந்தார். இதைச் சொல்லிவிட்டு, ரத்தப் பரிசோதனை முடிவை வாங்க செல்வி லேபுக்குப் போய்விட்டாள். சீட்டோடு கவுன்டரில் நின்றது சுமதி மட்டும். முகம் வீங்கியிருந்தது. அழுதிருந்தாள். குழந்தையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்த பிடியைப் பார்த்தாலே தெரிந்தது, துணிமணி போன விஷயம் அவளுக்குத் தெரியும்.

பாட்டிலை எடுத்து வந்தேன். கொடுக்க முடியவில்லை. திருப்பிச் சொல்ல வேண்டுமே. செல்வி வரட்டும், ஓரமாக நில் என்று கையைக் காட்டினேன். அப்போது பின்னாலிருந்து சாரின் குரல் வந்தது.

"வாயாலதான் சொல்லணும்னு இல்லைங்க கிரேஸ். உள்ள கூட்டிட்டு வாங்க. கையால சொல்லட்டும். கவுன்டர நான் பாத்துக்கறேன்."

பக்கவாட்டுக் கதவைத் திறந்து அவளை உள்ளே அழைத்து வந்து மேஜை அருகே உட்கார வைத்தேன். மீதி மருந்தையும் கொண்டு வரச் சொல்வது எங்கள் வழக்கம். அவள் பையிலிருந்து பழைய பாட்டிலை எடுத்தாள். கொஞ்சம்தான் மிச்சம். வீட்டில் எப்படிக் கொடுக்கிறாய், காட்டு என்று ஜாடை செய்தேன்.

அவள் செய்ததை இன்றும் கண் முன்னால் பார்க்கிறேன். குழந்தையை மடியில் அணைத்து உட்கார வைத்தாள். பாட்டிலை இரண்டு கையாலும் எடுத்தாள், தளும்பத் தளும்ப எண்ணெய் இருக்கிற விளக்கைத் தூக்குவது போல. கொஞ்சமும் அசையாமல் சாய்த்து அளவுக் குப்பியில் ஊற்றினாள். குப்பியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் கோட்டைப் பார்த்தாள். ஒரு சொட்டு ஜாஸ்தி இருந்தது. அதைப் பாட்டிலுக்கே திருப்பி விட்டாள். என்னிடம் பயிற்சிக்கு வந்த பெண்களில் பாதிப் பேர் அவ்வளவு சுத்தமாக அளந்ததில்லை. மறக்கிறவள் கையில்லை அது. சேர்த்து ஊற்றுகிறவள் கையும் இல்லை.

ஆனால் குலுக்கவில்லை.

நான் முஷ்டியை மடக்கி ஆட்டிக் காட்டினேன். குலுக்க வேண்டாமா?

அவள் வேகமாகத் தலையாட்டினாள். ஆமாம், ஆமாம். குழந்தையைத் தொட்டுக் காட்டி, தன் இரண்டு முஷ்டிகளையும் மார்புக்கு நேராக வைத்து ஆட்டினாள். கண் நிறைந்துவிட்டது.

நான் மறுபடியும் ஆட்டிக் காட்டினேன். அவள் மறுபடியும் குழந்தையைக் காட்டினாள். இருவரும் ஒரே ஜாடையைச் செய்துகொண்டு, இருவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தோம்.

எனக்கு விளங்கச் சற்று நேரம் ஆனது. முஷ்டியை ஆட்டினால் அவள் வீட்டில் அதற்கு வலிப்பு என்று அர்த்தம். ஒவ்வொரு முறை மருந்து வாங்கிக்கொண்டு போனதும் செல்வி அவளிடம் பாட்டிலைக் காட்டி, கையை ஆட்டி, நாங்கள் சொன்னதைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். இது வலிப்பு மருந்து என்று சுமதி சரியாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

பழைய பாட்டிலை எடுத்து நானே குலுக்கப் போனேன். அவள் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். மருந்தைக் கெடுத்துவிடுவேன் என்று பயந்துவிட்டாள்.

சரி என்று பாட்டிலை வைத்தேன். இரண்டு கண்ணாடிக் குவளை எடுத்தேன். அலமாரியில் பல நாளாக அசையாமல் நின்ற ஒரு புது பாட்டிலின் மேலாக இருந்ததைக் கொஞ்சம் ஒன்றில் ஊற்றினேன். அவளுடைய பழைய பாட்டிலின் அடியில் இருந்ததை இன்னொன்றில் ஊற்றினேன். ஒன்று தண்ணீர் விட்ட மோர் மாதிரி இருந்தது. மற்றது தோசை மாவு மாதிரி கெட்டியாக இறங்கியது. இரண்டையும் அவள் பக்கம் நகர்த்தினேன்.

சுமதி குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மோர் மாதிரி இருந்ததைத் தொட்டு, முஷ்டிகளை ஆட்டினாள். வலிப்பு. கெட்டியாக இருந்ததைத் தொட்டு, கன்னத்தைக் கையில் சாய்த்து, உடம்பை இப்படியும் அப்படியும் தள்ளாட விட்டாள். தூக்கம், தள்ளாட்டம்.

பிறகு பழைய பாட்டிலை எடுத்து அதன் கழுத்தில் விரல் வைத்தாள்: வலிப்பு. நடுவில் வைத்தாள்: குழந்தை சிரிக்கிறது, நடக்கிறது. அடியில் வைத்தாள்: தூக்கம். பாட்டில் தொடங்கும்போது ஒன்று, முடியும்போது ஒன்று. இத்தனை நாளும் இது அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளிடம் யாரும் கேட்கவில்லை.

அதோடு நிற்கவில்லை. என்னைப் பார்த்து வேறொரு ஜாடை செய்தாள். ஒரு குச்சியைப் பிடித்து டப்பாவுக்குள் கலக்குவது போல. எனக்குப் புரியவில்லை. காலிலிருந்த செருப்பைக் கழற்றி எடுத்து, தோலின் வெட்டு ஓரத்தில் விரலால் தடவிக் காட்டினாள். மறுபடி கலக்கிக் காட்டினாள். அப்போதுதான் பிடிபட்டது. கம்பெனியில் அவளுக்குத் தோல் ஓரத்துக்குக் கலர் பூசுகிற வேலை. கலர் டப்பாவின் அடியில் தங்கிவிடும். கலக்காமல் பூசினால் முதல் ஜோடி வெளுத்துப் போகும், கடைசி ஜோடி திட்டுத் திட்டாகும். அதே மாதிரிதானே இது என்று என்னைக் கேட்கிறாள்.

அதேதான் என்று நானும் குச்சியால் கலக்கிக் காட்டினேன். அவள் மேஜையிலிருந்த புது பாட்டிலை எடுத்து மூடி போட்டு இறுக்கி, தலைகீழாகவும் நேராகவும் ஆட்டிக் குலுக்கினாள். குலுக்கிக்கொண்டே அழுதாள். மடியிலிருந்த குழந்தை அவள் கை ஆடுவதைப் பார்த்துச் சிரித்தது.

செல்வி லேபிலிருந்து வந்தபோது சார் அவளையும் உள்ளே வரச் சொன்னார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"நான் ஒவ்வொருவாட்டியும் சொன்னனே சிஸ்டர். பாட்டில காட்டி இப்டி இப்டின்னு ஆட்டி..." என்று கையைத் தூக்கினாள். அப்படியே நிறுத்திவிட்டுத் தன் முஷ்டியைப் பார்த்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். சார் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"ஒங்க மேல தப்பில்லைங்கம்மா" என்றார். "நீங்க சொன்னதும் சரி, அவங்க புரிஞ்சுக்கிட்டதும் சரி. நடுவுல நாங்க பாத்திருக்கணும்."

நான் குவளைகளோடு டாக்டரிடம் போவதற்குள் சார் போனில் சொல்லிவிட்டிருந்தார். டாக்டரே இறங்கி வந்தார். குவளைகளைத் தூக்கிப் பார்த்தார். சுமதியைத் திரும்பவும் செய்து காட்டச் சொல்லிப் பார்த்தார். சீட்டை வாங்கி, இரண்டாவது மருந்தைக் கோடு போட்டு அடித்தார்.

"நல்ல வேள, இன்னும் ஆரம்பிக்கல" என்று மட்டும் சொன்னார். சுமதியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

சில வாரம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் மருந்து இருக்க வேண்டிய அளவில் இருந்தது. அடுத்ததிலும் அப்படியே. அந்தத் தடவை செல்வி கவுன்டருக்கு வரவில்லை. எதிரே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுமதி மட்டும் வந்து சீட்டை நீட்டினாள். பாட்டிலை வாங்குவதற்கு முன்னால் அவளே கையால் எல்லாவற்றையும் சொன்னாள்: சூரியன் ஏறுவது, இறங்குவது, கோடு, கலர் கலக்குவது, பிறகு தலைகீழாக நேராக. நான் பாட்டிலைக் கொடுத்தேன். அவர்கள் கிளம்பும்போது செல்வியைக் கேட்டேன்.

"கொழந்த எங்க இருக்கு இப்ப?"

"அவ வூட்லதான் சிஸ்டர். துணியெல்லாம் அன்னிக்கு சாயங்காலமே கொண்டுபோய் அவ அலமாரில நானே அடுக்கிட்டேன்" என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "அவ ஒண்ணும் சொல்லல. காபி போட்டுக் குடுத்தா" என்றாள்.

அதற்குப் பிறகு சார் எங்கள் வழக்கத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்தார். திருப்பிச் சொல்லச் சொல்வதற்கு முன்னால், "ஊட்ல யாரு ஊத்திக் குடுக்கறது?" என்று கேட்க வேண்டும். ஊற்றுகிறவர் வந்திருந்தால் பேச்சு அவரோடு. வராவிட்டால் அடுத்த முறை கூட்டி வரச் சொல்ல வேண்டும். பக்கவாட்டுக் கதவுக்கு உள்ளே ஒரு நாற்காலியும் ஒரு டம்ளர் தண்ணீரும் எப்போதும் இருக்கும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்வை மங்கியவர்கள் தடவிப் பார்த்து மாத்திரை அட்டையை அடையாளம் சொன்னார்கள். கை நடுங்குகிறவர் இன்சுலின் போட்டுக் காட்டினார். சாரும் ஓய்வு பெற்றுப் போனார். நாற்காலி இருந்தது.

ஷபானா, படம் நல்லதுதான். நான் இருந்தபோது வந்திருந்தால் ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனால் ஆடுகிற பாட்டில் படத்தைப் பார்த்து ஒருத்திக்கு வலிப்பு என்று தோன்றலாம். அவள் என்ன நினைத்தாள் என்பதைப் படம் உனக்குத் திரும்பச் சொல்லாது. அந்தப் பசங்களிடம் இதைச் சொல். கியூ நீளட்டும்.

இன்னும் ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாள் கவுன்டரில் சுமதி நின்றாள். தர்ஷினி அப்போது பள்ளிக்கூடம் போகிற பெண். இரண்டு பின்னல், யூனிபார்ம். சீட்டுக்காக நான் கையை நீட்டினேன். சுமதி தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். ஒன்றும் இல்லை.

"டாக்டர் மருந்த நிறுத்திட்டாங்க" என்றாள் தர்ஷினி. "வலிப்பு வந்து ரொம்ப வருஷம் ஆச்சு, இனிமே வேணாம்னு சொல்லிட்டாங்க. ஒங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போவணும்னு அம்மா இழுத்துனு வந்துச்சு."

சுமதி கவுன்டர் கண்ணாடிக்கு அடியில் கையை விட்டு என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் கியூவில் நின்ற பெரியவர் எட்டிப் பார்த்தார். எதுவும் வாங்காமல் தாயும் மகளும் நகர்ந்து போவதைப் பார்த்துவிட்டுச் சீட்டை என்னிடம் நீட்டினார்.

"இன்னா சிஸ்டர், அவங்களுக்கு மருந்து இல்லன்னு அனுப்பிட்டீங்களா?"

"ஆமாங்க" என்றேன். "அவங்களுக்கு மருந்து இல்ல."